முள் பிடுங்கும் வாத்தியார்

அடி அண்ணாமலையில் இருக்கும் என் பஞ்சர் கடைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வாத்தியார் வருவார். மலையடிவாரக் காட்டுப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவர். வெயிலில் கறுத்த உடம்பு, முழங்கால் வரை செம்மண், கன்னத்தில் ஒரு கீறல். சைக்கிளுக்கு ராணி என்று பெயர் வைத்திருந்தார். டயரில் தைத்த முட்களை விரலால் தடவித் தேடி, "பொறுத்துக்கம்மா" என்று சொல்லிச் சொல்லி அவரே பிடுங்குவார்.

என் மகள் அவருடைய வகுப்பில்தான் படித்தாள். அங்கே அவளை அவர் "பஞ்சர்" என்றுதான் கூப்பிடுவாராம். பிள்ளைகளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்ததும், இனிமேல் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று படுத்துக்கொண்டாள்.

எனக்கு யாரிடமும் பேச வராது. ஆனாலும் அடுத்த ஞாயிறு கேட்டுவிட்டேன்.

"சார், எம் பொண்ண பேர் சொல்லிக் கூப்டுங்க சார். இஸ்கூலுக்கே வரமாட்டேன்றா."

"போர்டுல நீதானப்பா பஞ்சர்னு எழுதி வச்சிருக்க?" என்று சிரித்தார். "சரி, அவ பேரு என்னா?"

ஒரு வருஷமாக அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவள்.

"கோமதிங்க."

"பஞ்சர் கோமதி. இப்ப சரியா?"

நான் பம்பை எடுத்துக் காற்றடிக்கக் குனிந்தேன். அவர் என் தோளைத் தொட்டார்.

"மெதுவாப்பா. ராணிக்கு வலிக்கும்."

கோமதி அதன்பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. அவர் இன்னமும் வருகிறார். முள் பிடுங்கும்போது அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பேன். அவ்வளவு பதமான கை அது.