பங்குக் கோழி

குப்பம்மாவைக் கோழி வளர்க்க வைத்தது அவளுடைய முழங்கால். கல்யாணமான வருஷத்திலிருந்து கோவளம் கரையில் மீன் எடுத்து, அலுமினியக் கூடையில் சுமந்துபோய், முட்டுக்காடு வரைக்கும் பங்களாக்களில் விற்றுவிட்டு வருவதுதான் அவள் பிழைப்பு. புருஷன் இருசப்பன் இறந்து, காரியம் முடிந்த கையோடு கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் என்று குப்பத்தில் சிலர் பெருமையாகவும் சிலர் குறையாகவும் சொல்வார்கள். அதில் பெருமையும் இல்லை, குறையும் இல்லை. அவளுக்கு வேறு எதுவும் தெரியாது, அவ்வளவுதான். சென்ற வருஷம் இரண்டு முழங்காலும் வீங்கி, இனிமேல் பாரம் தூக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். "வூட்ல குந்தும்மா. நான் சம்பாரிக்கிறேன்ல," என்றான் மகன் தீனா. நல்ல மனசோடுதான் சொன்னான். ஆனால் விடியற்காலையில் தெருப்பெண்கள் கரைக்குப் போகும் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவள் வாசலில் வந்து நின்று, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவிப்பாள்.

பக்கத்து வீடு ஹெலனுடையது. நடுவில் பழைய வலையைக் கட்டிய வேலி. ஹெலன் வயதில் சின்னவள். அவளும் கூடைக்காரிதான். மீன் நாறுகிறது என்று பஸ்ஸில் ஏற்றாத கண்டக்டர்களிடம் இரண்டு பேரும் சேர்ந்து சண்டை போட்ட காலம் உண்டு. குப்பம்மா மனம்விட்டுப் பேசுவது ஹெலன் ஒருத்தியிடம்தான். அதுவும் உட்கார்ந்து பேசுவதில்லை. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவார்கள். பேசி முடித்துவிட்டு உள்ளே போனால் குப்பம்மாவுக்கு அன்றைய நாள் சரியாக இருக்கும்.

ஒருநாள் ஹெலன் சொன்னாள்: "யக்கா, என் செவலக் கோழி அடைக்குக் குந்திக்கினு கீது. வாரத்துக்குத் தர்றேன், வெச்சுப் பாக்கிறியா?"

வாரத்துக்கு விடுவது அந்தப் பக்கத்தில் பழைய வழக்கம். கோழி ஒருத்தியுடையது, வளர்ப்பு இன்னொருத்தியுடையது. பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. தாய்க்கோழி கடைசியில் சொந்தக்காரிக்கே திரும்பிவிடும். இதில் எழுத்து எதுவும் கிடையாது. ஒருத்தியின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் அவளுடைய பாதியை இன்னொருத்தி பார்த்துக்கொள்கிறாள் என்ற நம்பிக்கை மட்டும்தான்.

"கோழியப் பத்தி எனக்கு இன்னாடி தெரியும்?"

"தீனாவ வளத்தியே, அத வுடவா?"

குப்பம்மா சிரித்துவிட்டாள். அன்று சாயங்காலமே பின்கட்டில் ஒரு பழைய அன்னக்கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு முட்டைகளை அடுக்கி, கோழியை உட்கார வைத்தார்கள். மூன்று வாரம் கழித்து ஒன்பது குஞ்சு பொரிந்தன. குப்பம்மா முதல் குஞ்சைக் கையில் எடுத்தபோது அதன் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகத்தில் பயந்து கீழே வைத்துவிட்டாள். ஆயிரக்கணக்கில் மீன் எடுத்த கை அது. இவ்வளவு சூடான ஒன்றை அது பிடித்ததில்லை.

நொய்யரிசி போட்டால் போதும் என்று ஹெலன் சொல்லியிருந்தாள். ஆனால் தீனா எங்கிருந்தோ அரைக்கிலோ கோழித் தீவனம் வாங்கி வந்தான். பையைப் பிரித்ததும் குப்பம்மாவின் மூக்கு விடைத்தது. மீன் வாடை.

"இதுல இன்னாடா கீது?"

"மீன் தூள் கலப்பாங்களாம்மா. குஞ்சு சீக்கிரம் வளருமாம்."

அவளுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. கரையில் பிறந்து கரையில் வாழ்கிறவள், மீன் தூளைக் கடையிலிருந்து வாங்குவதா? வீட்டில் கருவாட்டுக் கூடை இருந்தது. கருவாடு தீர்ந்தபிறகும் அடியில் உடைசலும் தூளுமாக நிறையத் தங்கும். அதை அள்ளி மிக்சியில் ஓட்டி, நொய்யில் பாதிக்குப் பாதி கலந்து வைத்தாள். குஞ்சுகள் அதை விழுந்தடித்துத் தின்றன. தின்றதைப் பார்த்து அவளுக்கு வயிறு நிறைந்தது. "எம்மா துன்னுது பாரு," என்று வேலிக்கு அப்பால் சத்தம் போட்டுச் சொன்னாள். ஹெலன் வீட்டுக்குள்ளிருந்து, "துன்னட்டும், துன்னட்டும்," என்றாள். என்ன தின்கிறது என்று அவளும் கேட்கவில்லை.

அதன்பின் குஞ்சுகளுக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர்த் தட்டை விட்டு நகரவே மாட்டேன் என்றன. தட்டில் ஏறி நின்று, நனைந்து, நடுங்கின. மழைக் காற்று வேறு. ஈரத்தில் சளி பிடித்துச் செத்துவிடும் என்று குப்பம்மாவே முடிவு செய்து, தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று மட்டும் காட்டினாள். குஞ்சுகள் அவள் காலைச் சுற்றிக்கொண்டு ஓயாமல் கத்தின. தன்னை அம்மா மாதிரி நினைக்கின்றன என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் விடிந்து, தாயையும் குஞ்சுகளையும் மூடிக் கவிழ்த்திருந்த கூடையைத் தூக்கியபோது மூன்று குஞ்சுகள் செத்துக் கிடந்தன.

அவளுக்கு உடனே விளங்கவில்லை. தூங்குகின்றன என்று நினைத்து விரலால் தொட்டாள். விறைத்திருந்தன. ஒன்றின் வாயிலிருந்து நீர் வடிந்திருந்தது. தாய்க்கோழி அவற்றின் மேலேயே நின்றுகொண்டு தரையைக் கிளறியது. குப்பம்மா கூடையைத் திரும்பக் கவிழ்த்துவிட்டு, கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மறுபடி தூக்கிப் பார்த்தாள். அதற்குள் நான்காவது ஒன்று காலை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் விழுந்து, அவள் கண் முன்னாலேயே தலையைப் பின்னுக்கு வளைத்து அடங்கியது. பின்னாலேயே ஐந்தாவது.

மனிதர்கள் பெரிய இழப்பில் முதலில் தேடுவது ஆறுதலை அல்ல, ஆளை. குப்பம்மாவுக்கு ஆள் கிடைக்க நேரமாகவில்லை. முந்தின நாள் ஹெலன் தன் பின்கட்டில் தக்காளியைப் பிளந்து எலி மருந்து தடவிக்கொண்டிருந்ததை வேலி வழியாக அவள் பார்த்திருந்தாள். வலையை எலி கடிக்கிறது என்று வருஷம் முழுக்கச் செய்கிற காரியம்தான். குஞ்சுகள் வேலிக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போய்விட்டு வரும்.

செத்த குஞ்சுகளை முந்தானையில் போட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தாள்.

"ஏ ஹெலனு, வெளிய வா. இன்னாத்தடி வெச்ச?"

ஹெலன் கையில் மாவோடு வந்தாள். முந்தானையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது. "ஐயோ, யக்கா. இன்னா ஆச்சு?"

"என்னக் கேக்கிற? எலி மருந்து யாரு வெச்சது?"

"அது பரண் மேல வெச்சேன். கோழி எப்பிடி பரண் ஏறும்?"

"உன் கோழி நல்லாத்தான கீது. குஞ்சு மட்டும் எப்பிடி செத்துச்சு?"

"அதுல பாதி என் குஞ்சுக்கா," என்றாள் ஹெலன். "என் குஞ்ச நானே கொல்லுவனா?"

அது நியாயமான கேள்வி. நியாயமான கேள்வியைக் கேட்டதுதான் குப்பம்மாவுக்குத் தாங்கவில்லை. குனிந்தாள். தெரு மண்ணை இரண்டு கையாலும் வாரி, ஹெலன் வீட்டு வாசலில் வீசினாள்.

"வெளங்காமப் போவட்டும்."

தண்ணீர்க் குழாயில் நின்ற பெண்கள் அதுவரை ஆளுக்கொன்று பேசிக்கொண்டிருந்தார்கள். மண் விழுந்ததும் எல்லாப் பேச்சும் நின்றது. சண்டையில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், மறுநாள் மறந்துவிடலாம். மண்ணை வாரிவிட்டால் அது சொல்லில் சேராது. அதுவும் ஆண்பிள்ளை கடலில் இருக்கும்போது வாரிவிடுவதில்லை. ஹெலனின் புருஷன் ரமேஷ் விடியும் முன்பே படகு தள்ளிக்கொண்டு போயிருந்தான். ஹெலன் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவள். மண்ணுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அவள் கண் முதலில் கடல் பக்கம்தான் போனது. பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தீனா எழுந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "இன்னாம்மா பண்ணிட்ட," என்று இரண்டு முறை கேட்டான். பிறகு, "வா, டாக்டராண்ட காட்டிப் பாக்கலாம். மருந்துன்னா மருந்துன்னு தெரிஞ்சிடும்," என்றான். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது. ஹெலன் முகத்துக்கு முன்னால் வைக்க ஒரு சாட்சி.

அடுத்த ஊரிலிருந்த கால்நடை மருந்தகத்தில் டாக்டர் மானசா, தீனா வயதுப் பெண், ஒரு குஞ்சை அறுத்துப் பார்த்தாள். குப்பம்மா பக்கத்திலேயே நின்றாள். அறுப்பது அவளுக்குப் புதிதில்லை.

"எலி மருந்துதான டாக்டரம்மா?"

"அதுன்னா உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கணும்மா. இங்க ரத்தமே இல்ல. தோலுக்கு அடியில எல்லாம் தண்ணியா கோத்திருக்கு." டாக்டர் குஞ்சின் கழுத்தடியிலிருந்த தீனிப் பையைக் கத்தியால் கீறி, உள்ளேயிருந்ததை ஒரு தட்டில் வழித்தாள். "இது என்ன? என்ன தீனி போட்டீங்க?"

"நொய்யி. அப்பால கருவாட்டுத் தூள்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தாள். "உப்புக் கருவாடா?"

"கருவாடுன்னா உப்பு இல்லாம எப்பிடிம்மா?"

"தீவனத்துல போடுற மீன் தூள்ல உப்பு இருக்காதும்மா. குஞ்சு உப்பு தாங்காது. பெரிய கோழி கொஞ்சம் தாங்கும்." டாக்டர் கையுறையைக் கழற்றினாள். "நிறைய தண்ணி கேட்டிருக்குமே?"

"ஓயாம கேட்டுச்சு."

"கொடுத்தீங்களா?"

தீனா அம்மாவைப் பார்த்தான். அவள் தட்டில் கிடந்த கூழையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் வெள்ளையாக ஒன்றிரண்டு உப்புக் கல் இன்னும் கரையாமல் இருந்தது. காலைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தினவை எதைக் கேட்டன என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. அவள் அவற்றின் நடுவில் நின்று, சிரித்துக்கொண்டு, தண்ணீர்த் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள்.

"மீதி நாலையும் காப்பாத்தலாம்," என்றாள் டாக்டர். "நல்ல தண்ணி, கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி. ஒரேயடியா வெச்சிடாதீங்க."

திரும்பி வரும் வழியில் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்தவள் ஒரே ஒரு முறை வாயைத் திறந்தாள். "ரமேசு வந்துட்டானா பாரு."

வரவில்லை. கரையில் மற்றப் படகுகள் ஏறியிருந்தன. ஹெலன் மணலில் நின்றுகொண்டிருந்தாள். குப்பம்மா தள்ளி, ஒரு படகின் நிழலில் நின்றாள். கிட்டப் போக முடியவில்லை. விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. கடல் அமைதியாகத்தான் இருந்தது. அன்று காலை வரை குப்பம்மா எந்தச் சாபத்துக்கும் பலன் உண்டென்று நம்பியவள் இல்லை. இப்போது தன் கையையே அவள் நம்பவில்லை. எதை எடுத்தாலும் கொல்லக்கூடிய கையாக அது அவளுக்குத் தெரிந்தது. வெயில் ஏறிய பிறகு ரமேஷின் படகு வந்தது. வலை சிக்கிக்கொண்டதாம், வேறொன்றுமில்லை. குப்பம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலித்தது. அது அவளுக்குத் தெரியவில்லை.

அன்று மாலை ஹெலன் வீட்டுப் படியேறப் போனவளை ஹெலன் வாசலிலேயே நிறுத்தினாள்.

"உள்ள வந்து சொல்லாத. எங்க நின்னு வாரி வுட்டியோ, அங்கியே நின்னு சொல்லு."

தெருவில் பெண்கள் இருந்தார்கள். குப்பம்மா தெருவுக்கு இறங்கி நின்று சொன்னாள். "மருந்து இல்ல. நாந்தான். உப்பப் போட்டுட்டு தண்ணிய எடுத்துட்டேன். இவ மேல ஒண்ணுமில்ல." அழுதுவிட்டால் சுலபமாக இருந்திருக்கும். அவளுக்கு அழுகை வரவில்லை. ஒருத்தி, "வுடு குப்பம்மா, தெரியாம ஆனதுதான," என்றாள். ஹெலன் அவளைத் திரும்பிப் பார்த்ததும் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"குஞ்சு செத்தா வேற குஞ்சு," என்றாள் ஹெலன். "நான் எவ்ளோ நேரம் கரையில நின்னேன் தெரிமா?"

"தெரியும். நானும் நின்னேன்."

ஹெலன் இதை எதிர்பார்க்கவில்லை. பிறகு குப்பம்மாவின் பின்கட்டுக்குப் போய்த் தாய்க்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நான்கு குஞ்சுகளையும் முறத்தில் எடுத்துக்கொண்டாள்.

"ரெண்டு உன்னுது, ரெண்டு என்னுது. தாயி இல்லாம இதுங்க பொழைக்காது. தாயி என்னுது. அதனால நாலும் என் வூட்லதான் வளரும்."

"சரி."

"இன்னா சரி? தீனி நானா போடணும்? வளக்கிறது உன் வேல. காலைல வா."

காலையில் போனாள். நொய்யை இரண்டு முறை கழுவி ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, பின்பக்கமாகப் போனாள். திண்டில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த ரமேஷ், "வாக்கா," என்றான். ஹெலன் சொல்லவில்லை. குஞ்சுகள் நான்கும் நின்றிருந்தன. ஒன்றுக்கு இன்னும் கால் தள்ளாடியது. குப்பம்மா கிண்ணத்தோடு குனிந்தபோது ஹெலன் சமையலறையிலிருந்து வந்து கையை நீட்டினாள்.

குப்பம்மா கிண்ணத்தைக் கொடுத்தாள். ஹெலன் நாலு பருக்கையை எடுத்து வாயில் போட்டு மென்றாள். மென்றுகொண்டே குப்பம்மாவின் முகத்தைப் பார்த்தாள். குப்பம்மாவும் கண்ணை எடுக்கவில்லை. இவ்வளவு நேரம் ஒருவர் ருசி பார்ப்பதை அவள் பார்த்ததில்லை.

"போடு," என்று கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தாள் ஹெலன்.

அதற்கு அடுத்த நாளிலிருந்து அவள் கையை நீட்டுவதற்கு முன்னாலேயே குப்பம்மா கிண்ணத்தை நீட்டிவிடுவாள். ஹெலன் ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை. மென்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள்.