பிளானோவில் நான் ஆன்ட்டி ஆன கதை

நியூ ஜெர்சியில் என்னை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். மான்மவுத் ஜங்ஷன் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். நம்மவர்கள் வீட்டுக் குழந்தைகளுக்கு மற்ற பெண்கள் எல்லோரும் ஆன்ட்டி, நான் மட்டும் டீச்சர். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

எண்பதுகளின் நடுவில் கணவருக்கு வேலை மாற்றலாகி டெக்சாஸில் பிளானோவுக்கு வந்தோம். அங்கே என் ஆசிரியர் லைசென்ஸ் செல்லாது என்றார்கள். டெக்சாஸ் பரீட்சை எழுத வேண்டுமாம், டெக்சாஸ் அரசியல் சட்டம் படிக்க வேண்டுமாம். டிரைவிங் லைசென்ஸை ஒரே காலையில் மாற்றிக் கொடுத்தவர்கள்தான்! கணக்கு மட்டும் மாநில எல்லையைத் தாண்டினால் மாறிவிடுமா என்ன? பல்லைக் கடித்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தேன். அதுவரை ஒரு பள்ளியில் உதவியாளர் வேலைதான் கிடைத்தது.

அங்கே நாகர்கோவில்காரப் பெண்மணி ஒருவர் ஆசிரியையாக இருந்தார். டெக்சாஸிலேயே படித்து அங்கேயே லைசென்ஸ் வாங்கியவர். அவர் வகுப்பில்தான் என்னைப் போட்டார்கள். குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்தேன், வண்ணக் காகிதம் வெட்டினேன், கையெல்லாம் மை ஒட்ட நகல் எடுத்தேன். அதெல்லாம் எனக்கு வலிக்கவில்லை.

வலித்தது, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிடும் ஒரு பொங்கல் பாட்லக்கில். என் மகளின் தோழி பின்னக் கணக்கோடு என்னிடம் வந்து, "டீச்சர், கேன் யூ ஹெல்ப் மீ?" என்றாள். அந்த நாகர்கோவில் அம்மாள் தட்டில் தயிர்சாதம் போட்டுக்கொண்டே சிரித்தார்.

"அவங்களை டீச்சர்னு சொல்லாதேம்மா. இங்க என் கிளாஸ்ல ஹெல்ப்பர்தான். ஆன்ட்டின்னு கூப்பிடு." பிறகு என் பக்கம் திரும்பினார். "தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நியூ ஜெர்சி ஸ்டாண்டர்ட் வேற, எங்க டெக்சாஸ் ஸ்டாண்டர்ட் வேற."

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவரும் சிரித்தார், வீட்டுக்கு வந்து வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து பிளானோக் குழந்தைகளுக்கு நான் ஆன்ட்டி, அவர் டீச்சர் ஆன்ட்டி. பிற்பாடு நான் தேறி, லைசென்ஸ் வாங்கி, வேறு பள்ளியில் சொந்த வகுப்பில் நின்றபோதும் அது மாறவில்லை. என் மகளே அவரை அப்படித்தான் சொன்னாள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு அந்த அம்மாள் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவில் ஃப்ரீமான்ட்டுக்குக் குடிபோனார். ஒரு சனிக்கிழமை ஃபோன் வந்தது.

"அக்கா, இங்க என் லைசென்ஸ் செல்லாதுங்கறாங்க. கலிஃபோர்னியா டெஸ்ட் எழுதணுமாம். இப்போதைக்கு டேகேர்ல ஹெல்ப்பரா சேர்ந்திருக்கேன். அழுகையா வருது. நீங்க எப்படிக்கா சமாளிச்சீங்க?"

அதுவரை ஒரு நாளும் அவர் என்னை அக்கா என்றதில்லை. அந்தச் சட்டம் அவருக்கும் அநியாயம்தான், அது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் மனசு குளிர்ந்தது. நன்றாகவே குளிர்ந்தது.

சாப்பாட்டு மேஜையிலிருந்து என் மகள், "ஹூ இஸ் இட், அம்மா? டீச்சர் ஆன்ட்டியா?" என்று கத்தினாள்.

நான் ஃபோனைக் கையால் மூடவில்லை.

"டீச்சர் இல்லடி. வெறும் ஆன்ட்டி."

பிறகு ஃபோன் பக்கம் திரும்பினேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன். "கலிஃபோர்னியா ஸ்டாண்டர்ட் வேற, இல்லையா?"

ஃபோனை வைத்துவிட்டு, மகளுக்கு நெய் தாராளமாக விட்டு இன்னொரு தோசை வார்த்தேன்.