குப்பிக்குள் பனிக்கடல்

மீனின் வயிற்றைக் கீறியதும் மற்றவர்கள் குடலை எறிந்துவிடுவார்கள். அர்ச்சுனன் எறிவதில்லை. ஈரலை இரண்டு விரலால் பிடித்து வெயிலுக்கு நேரே திருப்பிப் பார்க்கிறார். ஒன்றும் இல்லையென்றால் முகம் வாடிவிடுகிறது. ஏதாவது நெளிந்துவிட்டாலோ சந்தையே திரும்பிப் பார்க்கும்.

“அம்மா, புழு இருக்குதுங்க! எப்பிடிச் சுருண்டு படுத்துருக்குது பாருங்க!”

மீன் வாங்க வந்த தீர்த்தம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். “ஏய்யா, விக்கிற மீனுல புழு இருக்குதுன்னு நீயே தமுக்கடிச்சா எவ வாங்குவா?”

“இந்தாளுக்குப் புழுதாங்க மூத்த பொண்டாட்டி. நா ரெண்டாந்தாரம்” என்றார் பக்கத்தில் தராசு பிடித்திருந்த மனைவி குள்ளம்மாள். சொல்லிக்கொண்டே அந்த மீனை ஒதுக்கிவிட்டு வேறொன்றைத் தட்டில் போட்டார்.

மாரண்டஹள்ளிச் சந்தையில் ஏரி மீன் விற்கிற அர்ச்சுனன், இளவயதில் பம்பாய்க்கு ஓடியவர். அங்கிருந்து திமிங்கிலம் பிடிக்கிற கப்பலில் சமையற்கட்டு ஆளாகத் தென்கோடிப் பனிக்கடல் வரை போனார். கடலே உறைந்து பாறையாக நிற்கிற இடம். அங்கே ஒரு மீனுக்கு ரத்தம் தண்ணீரைப் போல நிறமில்லாமல் இருக்குமாம். சந்தையில் இதை யாரும் நம்புவதில்லை. “உன் பொண்டாட்டி வைக்கிற கொழம்பு மாதிரியா?” என்கிறார்கள். கப்பலில் இருந்த வெள்ளைக்கார டாக்டருக்கு அந்த மீன்களின் புழுக்கள்மேல் பெரிய ஆசை. மீன் அறுக்கும்போது கண்ணில் பட்டதையெல்லாம் அர்ச்சுனன் எடுத்துக் கொடுப்பார்.

“ஈரல் மேல கடியார ஸ்பிரிங்கு மாதிரி சுருண்டு கெடக்குங்க. மீனுக்குள்ள அது பெருசாவாது. கடல்நாய்னு ஒரு மிருகம், அது வந்து மீன முழுங்கணும். அதோட வயித்துச் சூட்டுலதான் வளந்து முட்டை போடும். அதுவரிக்கும் காத்துக்கிட்டே கெடக்கும். நம்ம உள்ளங்கையில வச்சாலும் போதும், சூடு பட்டதும் சுருள் அவுந்துரும். கடல்நாய் வந்துருச்சுன்னு நெனச்சுக்கும், பாவம்.”

சொல்லும்போது அவருடைய உள்ளங்கை தானாக விரிகிறது.

அங்கே இருந்தபோது இந்த ஊர் வெயிலை நினைத்து அழுதாராம். இப்போது சித்திரை வெயிலில் மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து பனியை நினைக்கிறார். “மறுக்கா ஒரு வாட்டி போவணுங்க.” அந்தக் கப்பல் இப்போது எங்கே இருக்கிறதென்றே தெரியாது. மிஞ்சியது டாக்டர் கொடுத்த சின்னக் கண்ணாடிக் குப்பி. அதில் ஸ்பிரிட்டில் மூழ்கிய ஒரு பனிக்கடல் புழு, சுருள் கலையாமல்.

எப்படி மூடினாலும் ஸ்பிரிட் குறைந்துகொண்டே வரும். முன்பெல்லாம் சாராயக் கடையில் கொஞ்சம் வாங்கி நிரப்புவார்; தாம் ஒரு சொட்டு நாக்கில் வைத்ததில்லை. போன வருஷம் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. கடைகள் மூடின. “நல்லதுதாங்க, நாலு வூட்டுல அடுப்பு எரியுது” என்று அர்ச்சுனனே சொல்கிறார். ஆனால் குப்பியில் மட்டம் இறங்கியது. புழுவின் ஒரு ஓரம் வெளியே தெரிந்த அன்று, ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரிடம் போய் நின்றார்.

“பல்லுவலின்னு ஒருத்தன் ஸ்பிரிட் கேக்கறான். எருமைக்குத் தேய்க்கணும்னு ஒருத்தன் கேக்கறான். நீ புழுவுக்குக் கேக்கறியா? போய்யா, இதவிட நல்ல பொய்யா ஒண்ணு யோசிச்சுக்கிட்டு வா!”

பிறகொரு சந்தை நாள் காலை அர்ச்சுனன் மடியிலிருந்து குப்பியை எடுத்து வெயிலில் தூக்கிப் பார்த்தார். அடியில் ஈரம்கூட இல்லை. மூடியைத் திருகிக் கவிழ்த்தார். காய்ந்த நூல்சுருள் போல ஒன்று உள்ளங்கையில் விழுந்தது. மற்றக் கையால் அதை மூடிக்கொண்டார்.

மீன் கேட்டு ஆட்கள் வந்து நின்றார்கள். அவர் கையைத் திறக்கவில்லை.

“அது எப்பவோ செத்துப்போச்சுங்க” என்றார் குள்ளம்மாள் மெதுவாக.

தராசைக் கீழே வைத்துவிட்டு, குள்ளம்மாள் அரிவாள்மனையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு கெளுத்தியைக் கீறினார். குடலை எறியப் போன கை பாதியில் நின்றது. ஈரலை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, வெயிலுக்கு நேரே திருப்பிப் பார்த்தார்.