இடக்கையை ஊன்றி விழுந்தவர்

“வெள்ளைக்காரன்ரை பகிடி எங்களுக்கு விளங்காது, தங்கச்சி. அவன் சிரிச்சு முடிச்சாப் பிறகுதான் நாங்கள் யோசிக்கத் தொடங்குவம்.”

நான் சனிக்கிழமைகளில் வேலை செய்த வீடியோக் கடையின் அண்ணை இப்படிச் சொன்னார். நாங்கள் குடிபெயர்ந்து வந்த அஜின்கோர்ட்டில், ஒரு பேக்கரிக்கும் ஒரு பல் வைத்தியருக்கும் நடுவில் இருந்தது அந்தக் கடை. உயர்பள்ளியின் கடைசி வருடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கில வகுப்பில் ஒரு பெரிய ஒப்படை தந்திருந்தார்கள்: ஏதாவது ஒரு படத்தை எடுத்து, அதில் நடித்தவர்களும் அதை இயக்கியவரும் அதற்கு முன் எங்கே இருந்தார்கள், பிறகு எங்கே போனார்கள் என்று தேடி எழுதி, வகுப்பின் முன் பேசவேண்டும். நான் ஒரு ஹாலிவுட் பகிடிப் படத்தை எடுக்கப் போவதாகச் சொன்னதும்தான் அண்ணை அப்படிச் சொன்னார்.

ஆசிரியையும் கிட்டத்தட்ட அதையே சொன்னார், மரியாதையாக. ஒரு மொழியில் கடைசியாகப் பிடிபடுவது நகைச்சுவைதான், நீ வந்து நாலு வருடம்தானே ஆகிறது, சோகப் படம் ஒன்றை எடுத்தால் என்ன என்று கேட்டார். நான் பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்க விண்ணப்பிக்க இருந்தேன். அதற்கு அவருடைய சிபாரிசுக் கடிதம் வேண்டும். “இந்த ஒப்படையைப் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்” என்றார். ஆகவே கடிதமும் அதனோடு பல்கலைக்கழகமும் இந்த ஒப்படையில் தங்கியிருந்தன.

எங்கள் குடும்பத்தில் அதுவரை எவரும் பள்ளிக்கூடத்தை முடித்ததில்லை. அப்பா எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிப்பார். அம்மா இரண்டாம் வகுப்போடு தம்பிமாரைத் தூக்கி வளர்க்க நின்றுவிட்டார். அவருக்குக் கையெழுத்துப் போடப் பழக்கியதே நான்தான், குடிவரவுப் படிவங்களுக்காக. இவ்வளவு தூரம் வந்த பிறகு சோகப் படத்தை எடு என்றால் எனக்கு ரோசம் வராதா? பகிடிப் படம்தான் என்று அடம்பிடித்தேன்.

அந்தப் படம் என்னிடம் ஏற்கெனவே இருந்தது. கடையில் என் வேலை கசெற் பதிவது. எங்கள் சனம் வார இறுதிக்கு ஒரு கசெற் எடுத்தால் அதில் மூன்று படம் இருக்கவேண்டும். மூன்றையும் ஒரே கசெற்றில் அடக்குவது இலேசான காரியமில்லை. மூன்றாவது படத்தின் முடிவு வெட்டுப்பட்டால் திங்கட்கிழமை காலையிலேயே தொலைபேசியில் திட்டு விழும். அதற்கு அண்ணை ஒரு வழி வைத்திருந்தார்.

“பேர் ஓடத் தொடங்கினவுடனை ஸ்ரொப்பை அமத்தும். பேரை ஆர் பாக்கிறது?”

நான் அதில் கெட்டிக்காரி. முதல் பெயர் திரையில் முழுசாகத் தெரியமுன் அமத்திவிடுவேன். தமிழ்ப் படங்களை மட்டுமல்ல, பிள்ளைகளுக்கென்று அண்ணை வைத்திருந்த ஆங்கிலப் படங்களையும் அப்படித்தான் வெட்டினேன். ‘இங்கிலீஷ் பகிடி 4’ என்று என் கையாலேயே எழுதி ஒட்டிய கசெற்றின் நடுப்படம்தான் அது.

கதை ஒன்றும் பெரிதில்லை. இரண்டு சகோதரர்கள், ஒரு பேக்கரி. நாலு தட்டுக் கல்யாணக் கேக் ஒன்றை மூன்றாம் மாடி மண்டபத்துக்குக் கொண்டுபோகவேண்டும். லிஃப்ட் பழுது. ஒன்றரை மணித்தியாலமும் இவ்வளவுதான்.

அதை அம்மாவும் நானும் சத்தமில்லாமல் பார்த்தோம். அப்பாவுக்குப் பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் மாலை ஐந்து மணிக்குத்தான் எழும்புவார். அறைச் சுவரோ கடதாசி மாதிரி. நான் பள்ளியால் வந்து, அம்மாவும் வேலையால் வந்த பிறகு, எங்களுக்குக் கிடைப்பது ஒன்றேமுக்கால் மணித்தியாலம். ரீவியின் சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, ஆளுக்கொரு குஷனை மடியில் வைத்துக்கொண்டு இருப்போம். சிரிப்பு வந்தால் குஷனுக்குள் முகத்தைப் புதைத்துச் சிரிக்கவேண்டும். அம்மா சிரிக்கும்போது தோள்கள் குலுங்கும், ஒரு கால் மட்டும் தரையை உதைக்கும். அதைப் பார்த்து எனக்கு இன்னும் சிரிப்பு வரும்.

ஒரு விஷயம் அப்போதே எனக்குப் பிடிபட்டது. பள்ளியில் யாராவது பகிடி சொன்னால் நான் எப்போதும் அரை வினாடி பிந்தித்தான் சிரிப்பேன். அண்ணை சொன்னது பொய்யில்லை. ஆனால் இந்தப் படத்தில் நான் பிந்தவில்லை. கேக் ஒரு பக்கம் சரியத் தொடங்குமுன்னமே நான் குஷனுக்குள் முகத்தைப் புதைத்துவிட்டேன்.

நூலகத்தில் பழைய சினிமாச் சஞ்சிகைகளைக் கிளறி, நடித்தவர்களைப் பற்றி நிறையச் சேர்த்தேன். மணமகளின் தகப்பனாக வந்தவர் நாற்பது வருடமாக வில்லனாகவே நடித்தவர். முதன்முதலாக இந்தப் படத்தில்தான் அவரைக் கேக்குக்குள் விழுத்தினார்கள். அதன்பின் பாவம், அவர் எந்தப் படத்தில் துப்பாக்கியோடு வந்தாலும் சனம் சிரித்ததாம். மணமகள் சவர்க்கார விளம்பரத்திலிருந்து வந்தவர். பிறகு தொலைக்காட்சியில் பல வருடம் எல்லாருக்கும் தாயாக நடித்தார். மூத்த சகோதரனாக வந்த கதாநாயகன் இந்தப் படத்தால் பெரிய நட்சத்திரமாகி, பிறகு இதே முகத்தை இன்னும் பத்துப் படத்தில் காட்டி ஆட்களைக் களைக்க வைத்தார்.

இயக்குநரைப் பற்றி மட்டும் ஒன்றும் இல்லை. நாலு படம் எடுத்தார், நிறுத்தினார். அதற்கு முன் அவர் என்ன செய்தார் என்று எந்தச் சஞ்சிகையும் சொல்லவில்லை. ஒப்படையின் நடுவில் பெரிய ஓட்டை. ‘இவர் எங்கிருந்தோ வந்தவர்’ என்று எழுதி வைத்தேன். அந்த வசனத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

நாலாம் தரம் பார்க்கும்போது, கதாநாயகன் படிக்கட்டில் உருளும் காட்சியில் நான் படத்தை நிறுத்திக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா மெல்லச் சொன்னார்:

“உது அவன் இல்லை.”

“ஆர் அம்மா?”

“உந்த விழுறவன். அவன் வேறை ஆள்.”

“அவன்தான் அம்மா. அதே சேட்டு, அதே தொப்பி.”

“சேட்டு ஒண்டுதான். கையைப் பார். கேக் தூக்கிறவன் எல்லாத்தையும் சோத்துக்கையாலை செய்யிறான். விழுறவன் பீச்சாங்கையை ஊண்டுறான்.”

திருப்பி ஓடவிட்டேன். மூன்று விழுகை. மூன்றிலும் இடக்கை. மூன்றிலும் முகம் தெரியவில்லை, தொப்பிதான் தெரிந்தது.

“எப்பிடி அம்மா கண்டனீங்கள்?”

“எனக்கு முன்னாலை நிக்கிறவள் பீச்சாங்கைக்காரியெல்லே” என்றார். அம்மா வேலை செய்தது பிஸ்கற் தொழிற்சாலையில். எதிரே நிற்கும் பெண் எந்தக் கையை நீட்டுவாள் என்று பார்த்துப் பெட்டியைத் தள்ளாவிட்டால் விரல்கள் மோதும். எட்டு மணித்தியாலம் கையைப் பார்ப்பதுதான் அம்மாவின் வேலை.

அத்தோடு விடவில்லை. “இவனை வேறை படத்திலையும் கண்டிருக்கிறன். கப்பல் படத்திலை தட்டோடை விழுவானே ஒரு வெயிற்றர், அவன்தான். இதே மாதிரி முதல்லை கையை ஊண்டி, பிறகுதான் மற்றதெல்லாம்.”

கப்பல் படம் ‘இங்கிலீஷ் பகிடி 2’இல் இருந்தது. இன்னும் பழைய படம். ஓடிப்போய்ப் போட்டுப் பார்த்தேன். வெயிற்றர் தட்டோடு வழுக்கினான். இடக்கை முதலில் தரையைத் தொட்டது, பிறகுதான் மற்றதெல்லாம்.

யார் இவர்? இரண்டு படத்தையும் கடைசிவரை ஓடவிட்டேன். கேக்கின் மிச்சம் மண்டபத்துக்கு வந்து சேர்ந்தது, எல்லாரும் கைதட்டினார்கள், திரை கறுத்தது, உடனே அடுத்த படம் தொடங்கியது. கப்பல் கரைக்கு வந்தது, திரை கறுத்தது, அங்கேயும் அடுத்த படம். பெயர்கள் எல்லாவற்றையும் வெட்டியவள் நான். அதுவும் எவ்வளவு சுத்தமாக!

அம்மாவுக்குச் சொன்னேன். “நல்ல வேலைக்காரிதான்” என்று குஷனுக்குள் சிரித்தார்.

நூலகத்தில் இரண்டு படத்தின் அசல் கசெற்றுகளுக்கும் பெயர் கொடுத்துவைத்தேன். வேறு கிளையிலிருந்து வரவேண்டும், எப்போது என்று சொல்லமுடியாது என்றார்கள். நான் பேசவேண்டியது ஒரு திங்கட்கிழமை. கசெற்றுகள் வந்தது அதற்கு முந்திய வியாழக்கிழமை.

அன்று பின்னேரம் முதன்முதலாக ஒரு படத்தின் பெயர்களை முடியும்வரை பார்த்தேன். எத்தனை பேர்! தச்சர்கள், தையல்காரர்கள், கேக் செய்தவர்கள். நிறுத்தினால் எழுத்துகள் நடுங்கின. ரீவிக்கு முன்னால் முழங்காலில் இருந்து வாசித்தேன். அடியில், சின்ன எழுத்தில், ‘படிக்கட்டு விழுகைகள்’ என்று இருந்தது. அதற்கு எதிரே இயக்குநரின் பெயர். கப்பல் படத்தைப் போட்டோம். ‘மூன்றாவது வெயிற்றர்’. அதே பெயர்.

“என்ன எழுதிக் கிடக்கு?” என்றார் அம்மா.

“விழுந்தவர்தான் அம்மா படத்தை எடுத்தவர்! கப்பலிலை விழுந்ததும் அவர்தான்!”

“நான் சொன்னனான்!”

அம்மா கத்திவிட்டார். எத்தனையோ மாதம் கட்டிக்காத்த அமைதி போயிற்று. அறைக் கதவு திறந்தது. சாரத்தை இறுக்கிக்கொண்டு, தலைமயிர் நட்டுக்கொண்டு நிற்க, அப்பா வந்தார்.

“என்ன, லொத்தர்ச் சீட்டு விழுந்திட்டுதோ?”

“இல்லை, ஒருத்தன் விழுந்திட்டான்” என்றார் அம்மா. “இருந்து பாருங்கோ.”

நித்திரை போனதுதான் போயிற்று என்று சத்தத்தைக் கூட்டிவிட்டு மூன்று பேரும் பார்த்தோம். அப்பா இடிபோலச் சிரித்தார். சத்தத்தோடு படம் வேறு மாதிரி இருந்தது. எல்லாரும் தேவையில்லாமல் கதைக்கிறார்கள் என்று அம்மா குறை சொன்னார். இயக்குநர் ஏன் தானே விழுந்தார் என்று நான் கேட்டேன். “விழத் தெரிஞ்சவன் நிக்கேக்கை வேறை ஆரை விழச் சொல்லுறது?” என்றார் அம்மா.

ஒப்படையைத் திருத்தி எழுதினேன். முதலில், ‘கவனமாகப் பார்த்ததில் நான் கண்டுபிடித்தது’ என்றுதான் எழுதினேன். கடிதம் வேண்டுமே. வகுப்பில் எல்லாரும் என்னைக் கெட்டிக்காரி என்று நினைக்கவேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை அதை அம்மாவுக்குத் தமிழில் வாசித்துக் காட்டும்போது அந்த வசனத்தை மட்டும் வாசிக்காமல் தாண்டிப் போய்விட்டேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் அந்த வசனத்தை வெட்டினேன்.

திங்கட்கிழமை வகுப்பில் சத்தத்தை நிறுத்திவிட்டுக் காட்சியைப் போட்டேன். முன்வரிசையில் ஒருவன், ரீவி பழுதா என்று கேட்டான். பழுதில்லை, எங்கள் வீட்டில் படம் இப்படித்தான் ஓடும் என்றேன். கேக் சரியத் தொடங்கியதும் முழு வகுப்பும் சிரித்தது, நானும் அதே கணத்தில் சிரித்தேன். பிறகு கையைப் பார்க்கச் சொல்லி இன்னொருமுறை போட்டேன். “இடது!” என்று யாரோ கத்தினார்கள். மூன்றாம் விழுகைக்கு எல்லாருமே கத்தினார்கள்.

இதை எப்படிக் கண்டுபிடித்தாய் என்று ஆசிரியை கேட்டார்.

“நான் இல்லை, என் அம்மா. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. கையைத்தான் பார்ப்பார்.”

 அவர் கசெற்றைத் திருப்பிப் போடச் சொன்னார். அவருக்காகவே இன்னொருமுறை. அந்த வாரமே கடிதம் எழுதித் தந்தார்.

சனிக்கிழமை கடையில் அண்ணைக்கும் சொன்னேன். “எங்கை, உந்தக் கையை ஒருக்காக் காட்டும்” என்று மேசைமேல் இருந்த ரீவியில் போடச் சொன்னார். நான் சத்தத்தைக் குறைத்தேன். கசெற் எடுக்க வந்தவர்கள் கறிவேப்பிலைப் பைகளோடு நின்றுவிட்டார்கள். “ஐயோ, கேக் போச்சு!” என்று ஓர் அன்ரி நெஞ்சில் கைவைத்தார். அண்ணை கண்ணீர் வரச் சிரித்தார். பிந்தாமல் சிரித்தார்.

“சரி தங்கச்சி, இனி உந்த இங்கிலீஷ் கசெற்றிலை மட்டும் ரெண்டு படம் போடுவம். பேர் ஓடட்டும்” என்றார். தமிழ்ப் படத்துக்கு அவரை இன்னும் மடக்கமுடியவில்லை.

பல்கலைக்கழகம் செப்ரெம்பரில் தொடங்கியது. எங்கள் முதல் பயிற்சி மூன்று நிமிடப் படம், சத்தம் இல்லாமல். இதைக் கேட்டு வகுப்பில் பாதிப்பேர் முறையிட்டார்கள். நான் அன்றைக்கே கதையை எழுதிவிட்டேன்: ஒருத்தி பேக்கரியால் வாங்கிய கேக்கை, அப்பா நித்திரையால் எழும்பாமல், எங்கள் மாடிப்படியால் வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். அப்பாவுக்குத் தன் பாத்திரம் மிகவும் பிடித்திருக்கிறது. கடைசி இருபது வினாடியைப் பெயர்களுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

நேற்றுக் கமெராவுக்குக் கையெழுத்து வைத்து எடுத்துவந்துவிட்டேன்.

“விழுறது ஆர்?” என்று அம்மா கேட்டார்.

“நான்தான்.”

இன்று காலை இரண்டு குஷனையும் படிக்கட்டின் அடியில் போட்டு ஐந்துதரம் விழுந்து பழகினேன். எந்தக் கை முதலில் போகிறது என்று அம்மா மேலே நின்று பார்த்துச் சொன்னார்.