நாலு மணிக்கு இறங்கும் முள்

மேவிஸ் ஹோல்ராய்ட் முப்பத்தொரு வருஷம் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் கம்பள மில்லில் தறி ஓட்டியவர். தறி இரைச்சலில் யார் பேச்சும் யாருக்கும் கேட்காது. அதனால் அந்த மில் பெண்கள் சத்தமே இல்லாமல் வாயசைத்து ஊர்வம்பு முழுவதும் பேசிவிடுவார்கள். என் அம்மாவும் அதே மில்தான், ஆகவே எனக்கும் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் அந்த ஜனவரியில் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.

வீடுகளைச் சூடாக்கும் பாய்லர்களைப் பழுதுபார்ப்பது என் தொழில். மேவிஸின் மகன் கீத் போன் செய்தான். "பாய்லர் தினமும் நின்னு போகுது, ரூத். வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா அம்மாவ முதியோர் இல்லத்துல சேர்த்துடுவேன். இடம்கூடப் பாத்தாச்சு." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எண்பத்து நான்கு வயதில் தானே சமைத்து, தானே படியேறும் மனுஷி. அந்த வீட்டை விட்டுப் போனால் ஒரு மாதம் தாங்க மாட்டார்.

திங்கட்கிழமை தண்ணீர் நிரப்பி, அழுத்தம் காட்டும் முள்ளை ஒன்றரையில் நிறுத்திவிட்டு வந்தேன். செவ்வாய்க்கிழமை போனால் முள் கீழே படுத்து, பாய்லர் நின்றிருந்தது. மூடிய குழாய்களுக்குள் சுற்றும் தண்ணீர் எங்காவது வெளியே போனால்தான் முள் இப்படி இறங்கும். அறைகளுக்குச் சூடு தரும் ஏழு ரேடியேட்டர்களின் மூட்டுகளிலும் காகிதம் சுற்றினேன், நனையவில்லை. அழுத்தம் மிஞ்சினால் தண்ணீரைக் கொட்டும் வெளிக்குழாயின் வாயில் பிளாஸ்டிக் பை கட்டினேன், ஒரு சொட்டு விழவில்லை. பாய்லருக்குள்ளும் குறை இல்லை. தரைப்பலகைகளைப் பெயர்த்துப் பார்த்தால் அடியில் வெறும் தூசி.

புதன்கிழமை மாலை நாலு மணி. வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. சமையலறையில் பாய்லருக்கு எதிரே உட்கார்ந்து, வழி தெரியாமல் முள்ளையே வெறித்துக்கொண்டிருந்தேன். மேவிஸ் என் எதிரில், இரண்டு கையாலும் டீக் கோப்பையைப் பிடித்திருந்தார். திடீரென்று என் தோளுக்குப் பின்னால், மாடிப்படியைப் பார்த்து அவர் உதடு அசைந்தது.

"இன்னிக்கு வேணாங்க. ஆள் இருக்கு."

திரும்பினேன். படியில் யாரும் இல்லை. ஆனால் மாடியில் 'உஸ்' என்று காற்றுப் பிரியும் சத்தம் கேட்டது. என் கண்ணெதிரே முள் இறங்கத் தொடங்கியது.

ஓடினேன். பின்னறை ரேடியேட்டரின் கீழே எனாமல் ஜக், விளிம்பு வரை கறுப்புத் தண்ணீர், இன்னும் சூடாக. உள்ளே சேரும் காற்றை வெளியே விட, சாவி போட்டுத் திறக்கும் திருகு இறுக மூடியிருந்தது. பக்கத்தில் துணி மடித்து வைத்திருந்தது. அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது. பேய் பிசாசு என்று பேசுகிறவர்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறவள் நான். அன்றைக்குக் படியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

"அந்தத் திருகுச் சாவி எங்க, ஆன்ட்டி?"

"நார்மன் கோட்டுப் பையில."

"கோட்டு?"

"போட்டுக்கிட்டுத்தான் போனாரு. சவப்பெட்டிய மூடுறதுக்கு முன்னாடி நான்தான் சாவியப் பையில வெச்சேன்."

அவர் கணவர் நார்மன் இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிறது.

"முப்பது வருஷமா நாலு மணிக்குக் காத்து எடுத்து விடுவாரு. தேவையே இல்ல, சொன்னா கேட்டாத்தானே? இந்தக் குளிர்காலம்தான் மறுபடி வர ஆரம்பிச்சிருக்காரு. உசிரோட இருந்தப்பவே ஜக்கைக் கழுவினதில்ல. இப்ப மட்டும் கழுவிடப் போறாரா? நான்தான் கொட்டிக் கழுவறேன்."

"கீத்கிட்ட சொல்லலையா?"

"சொன்னா கிழவிக்குப் புத்தி போச்சுன்னு அன்னிக்கே கார்ல ஏத்திடுவான்."

என் கருவிப் பையிலிருந்து ஓட்டையில்லாத ஒரு பித்தளை மூடியை எடுத்தேன். திருகு இருக்கும் இடத்தில் அதை வைத்து அடைத்தால் கதை முடிந்தது.

"அடைச்சிட்டா அவரு நாலு மணிக்கு என்ன பண்ணுவாரு, கண்ணு?" மேவிஸ் கேட்டார்.

மூடியைப் பைக்குள் போட்டேன். பாய்லருக்கு அடியிலிருக்கும் நிரப்பும் குழாயைத் திறந்து, முள் ஒன்றரைக்கு வந்ததும் மூட அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். தினமும் புதுத் தண்ணீர் ஏற்றினால் ரேடியேட்டர் உள்ளே துருப்பிடிக்கும். இப்படிச் செய்வதை எங்கள் தொழிலில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனாலும் ஓட்டை விழ ஏழெட்டு வருஷமாவது ஆகும். அது போதும் என்று பட்டது.

கீத்திடம், கோளாறைக் கண்டுபிடித்துவிட்டேன், அம்மாவே பார்த்துக்கொள்வார் என்றேன். அதில் பொய் இல்லை.

அடுத்த நாள் நாலு மணிக்கும் போய் உட்கார்ந்தேன். மாடியில் 'உஸ்' என்றது. முள் இறங்கியது. மேவிஸ் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார், நிரப்பும் குழாயில் கை வைத்தார், மாடிப்படியைப் பார்த்துச் சத்தமில்லாமல் வாயசைத்தார்.

"போதுங்க. மூடிட்டு வாங்க."

சத்தம் நின்றது.