மாப்பிள்ளையின் கம்பியூட்டருக்குக் குழாய் பூட்டிய கதை

என் மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் சீதனம் வேண்டாம் என்றார்கள். வீடு வேண்டாம், நகை வேண்டாம், பெண்ணைத் தந்தால் போதும் என்றார்கள். எங்கள் குடியிருப்பில் அதுவரை யாரும் அப்படியொரு பேச்சைக் கேட்டதில்லை. நாங்கள் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, உடுத்த துணியோடு இங்கே வந்தவர்கள். சண்டை முடிந்தபின் சிலர் திரும்பிப் போனார்கள், நாங்கள் போகவில்லை. பெண் கேட்டு வந்தவர்களோ நுரைச்சோலையில் பல தலைமுறையாகத் தென்னங்காணி வைத்திருப்பவர்கள். மகளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. அதற்கு முன் வந்த சம்பந்தங்கள் எல்லாம் பெண்ணுக்கு வீடு இருக்கிறதா என்ற கேள்வியோடு எழும்பிப் போய்விட்டன.

மாப்பிள்ளை கேட்டது ஒரே ஓர் உதவி.

"மாமா இறால் பண்ணையில பைப் வேலதானே பாக்குறீங்க? என்ட கம்பியூட்டருக்கும் ஒரு பைப் வேல இருக்கு. ஒருக்கா வந்து செஞ்சு தாங்களேன்."

நான் ஓம் என்றேன். எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. ஓம் என்று சொன்னால் கதை சீக்கிரம் முடிந்துவிடும் என்பதால் பெரும்பாலும் ஓம் என்றே சொல்லிவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். முந்தல் என்ற ஊரில் ஒரு பண்ணையில் பம்புகளையும் குழாய்களையும் பார்த்துக்கொள்கிறேன். கம்பியூட்டர் ஒன்றைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை.

மாப்பிள்ளை கலியாண வீடுகளில் வீடியோ எடுப்பவர். வீட்டின் முன்னறைதான் அவருடைய ஸ்டூடியோ. கிட்டவே நிலக்கரி மின் நிலையம் இருப்பதால் அந்தப் பக்கத்து வீடுகளில் நிலக்கரித் தூசு எப்போதும் இருக்கும். காலையில் துடைத்த மேசையில் பகலுக்கு விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசு கம்பியூட்டருக்குள் போய் விசிறிகளை அடைத்துவிடும். வீடியோவை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கும்போதே சூடேறி, மெஷின் தானாக நின்றுவிடும். அதனால் விசிறியைக் குறைத்துத் தண்ணீரால் குளிர வைக்கலாம் என்று வெளிநாட்டிலிருந்து சாமான்களை எடுப்பித்திருந்தார்.

அதை விளங்கிக்கொள்ள எனக்கு அவ்வளவு நேரம் பிடிக்கவில்லை. சூடாகும் இடத்தின்மேல் ஒரு செம்புக் கட்டி. அதற்குள்ளால் தண்ணீர் ஓடும். சூட்டை எடுத்துக்கொண்டு ஒரு சின்ன ரேடியேட்டருக்குப் போகும். அங்கே ஆறி, ஒரு கண்ணாடிக் குடுவைக்கு வந்து, அடியிலிருக்கும் பம்பால் மறுபடி தள்ளப்படும். ஒரு சின்னப் பெட்டிக்குள் ஒரு பண்ணை. வாகனத்துக்கு இருப்பதுதான், ஆனால் எல்லாம் கண்ணாடிபோல இருக்க வேண்டும். குழாய்கள் கோணாமல் நேராகப் போய், மூலையில் அழகாக வளைய வேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்.

பண்ணையில் காலை வேலை முடிந்ததும் பாலாவியில் பஸ் மாறிப் போவேன். மாப்பிள்ளையின் சிநேகிதர்கள் இரண்டு பேர் எப்போதும் அங்கே இருப்பார்கள். ஒருவர் மாப்பிள்ளையோடு கெமரா பிடிக்கிறவர். மற்றவருக்கு என்ன தொழில் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. இருவரும் கதிரையில் இருப்பார்கள். நான் தரையில் பாய் விரித்து வேலை செய்வேன்.

முதல் நாளே பிழை விட்டேன். பண்ணையில் குழாயை வளைக்கும்போது அது நசுங்காமல் இருக்க உள்ளே மணலை இறுக்கிச் சூடு காட்டுவோம். அதையே இங்கேயும் செய்யலாம் என்று ஒரு பையில் சலித்த மணல் கொண்டு போயிருந்தேன். குழாய் நன்றாகத்தான் வளைந்தது. மணலைக் கொட்டிவிட்டுப் பார்த்தால் உள்பக்கம் முழுவதும் கீறல். கண்ணாடியாக இருந்தது பால் ஊற்றிய போத்தலைப்போல ஆகிவிட்டது.

மாப்பிள்ளை அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபிக்கவில்லை.

"டேய், மன்னாரிலிருந்து வரக்குள்ள இவங்க ஒண்டும் கொண்டு வரல்லயெண்டு சொன்னாங்க" என்றார் சிநேகிதர்களிடம். "பொய்டா. மண்ணக் கொண்டு வந்திருக்காங்க."

அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நான் பாயில் சிந்திய மணலைக் கூட்டினேன். பிறகு மாப்பிள்ளை பெட்டிக்குள்ளிருந்து ஒரு நீள ரப்பர் கயிற்றை எடுத்து என் மடியில் போட்டார். வளைக்கும்போது குழாய்க்குள் விடுவதற்கென்றே அதை அனுப்பியிருந்தார்கள். நான் அதைச் சாமான் கட்டிவந்த கயிறு என்று நினைத்திருந்தேன்.

"இதுக்குத்தான் வெள்ளக்காரன் இத அனுப்பியிருக்கான் மாமா. கடக்கரையெல்லாம் அள்ளி வரத் தேவல்ல."

எப்போதும் மாமா என்றுதான் சொல்வார். ஒருநாளும் மரியாதை குறைந்து ஒரு சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

அதற்குப் பிறகு வேலை சரியாகப் போனது. சுடுகாற்றை ஊதி, குழாயை உருட்டிக்கொண்டே இருந்து, அது துவண்டு வரும் நேரத்தில் வளைத்துப் பிடித்துக்கொண்டு ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் முறுகிவிடும். வெட்டிய முனையை உரசி வழவழப்பாக்கி, ரப்பர் வளையம் கிழியாமல் மூட்டுக்குள் செருகிக் கையால் இறுக்கினேன். ரேடியேட்டருக்குள் பெட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் விட்டுக் குலுக்கிக் குலுக்கிக் கழுவினேன்.

"மெஷினுக்கு வுளூ செய்யிறாரு மாமா" என்றார் தொழில் தெரியாத சிநேகிதர், தொழுகைக்கு முன் கைகால் கழுவுவதை வைத்து.

"லீக் அடிச்சா வுளூ முறிஞ்சிரும், கவனம்" என்றார் மற்றவர்.

அதற்கு நானும் சிரித்தேன். அது நல்ல பகிடிதான்.

பின்னேர அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் உம்மா உள்ளே இருந்து சர்பத் அனுப்புவார். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து தட்டு நீளும், மாப்பிள்ளை வாங்கி எனக்கு முதலில் தருவார். உயரமான கிளாஸ், பச்சை நிறம், அடியில் ஊறிப் பருத்த சப்ஜா விதை, எங்கள் பேச்சில் கசகசா. சம்பந்தி வீட்டில் தந்ததைக் குடிக்காமல் வைப்பது எங்களுக்குள் வழக்கமில்லை. ஒவ்வொரு நாளும் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் பஸ்ஸுக்குப் போவேன்.

கடைசி நாள் தண்ணீர் ஏற்றினோம். பெட்டரித் தண்ணீரில் கலக்க ஒரு போத்தல் பச்சை மருந்து வந்திருந்தது. எழுத்தெல்லாம் ஆங்கிலம். பின்பக்கத்தில் ஒரு மண்டையோடு வரைந்திருந்தது.

"கையில படாமக் கலங்க மாமா, நஞ்சு" என்று மாப்பிள்ளைதான் எனக்குக் கையுறை எடுத்துத் தந்தார்.

கலந்து குடுவையில் ஊற்றினேன். மெஷின் முழுவதுக்கும் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட விட்டோம். எங்காவது ஒழுகினாலும் மற்றச் சாமான்கள் எரியாமல் இருப்பதற்கு அப்படி. பச்சைத் தண்ணீர் ஒரு குழாயில் ஏறி, செம்புக் கட்டிக்குள் மறைந்து, மறுபக்கம் வெளியே வந்தது. பண்ணைக் குளத்தில் குமிழி இல்லாவிட்டால் இறால் செத்துப்போகும். இங்கே குமிழி நின்றால் பம்ப் செத்துப்போகும். பெட்டியை ஒரு பிள்ளையைப்போல் இரண்டு கையாலும் அணைத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சரித்தேன். குமிழிகள் ஒவ்வொன்றாக மேலே வந்து உடைந்தன. கடகடவென்ற சத்தம் மெலிந்து இல்லாமல் போனது. எனக்கு உள்ளுக்குள் அப்படியொரு சந்தோசம். இந்த வீட்டில் என் மகள் வாழப்போகிறாள், அவள் தகப்பன் செய்த வேலை ஒன்று இங்கே இருக்கும் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு மூட்டுக்கும் கீழே டிசுக் கடதாசி வைத்துவிட்டு, ஈரம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு குந்தியிருந்தேன். மாப்பிள்ளை பக்கத்தில் வந்து இருந்தார். என்றைக்கும் இல்லாத மாதிரி என் வாப்பாவைப் பற்றி, மன்னாரில் எங்களுக்கு இருந்த வள்ளத்தைப் பற்றி எல்லாம் கேட்டார். நான் வழமையைவிடக் கூடக் கதைத்தேன். அஸர் முடிந்தது. அவரே எழும்பிப்போய்த் தட்டைக் கொண்டு வந்தார்.

குடித்தேன். அதிகம் இனித்தது. நாக்கில் ஏதோ வழுக்கியதுபோல் இருந்தது. அவர்கள் மூன்று பேரும் கதைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெமரா பிடிக்கிறவரின் கையில் போன் இருந்தது.

"நல்லா இருக்கா மாமா?" என்றார் மாப்பிள்ளை.

"ஓம்" என்று சொல்லிவிட்டு இன்னொரு மிடறு குடித்தேன்.

"குடிச்சிட்டாருடா! மத்த மிடறும் குடிச்சிட்டாரு!" என்று கத்தினார் தொழில் தெரியாதவர்.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. மாப்பிள்ளை கிளாசை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி, கம்பியூட்டரின் குடுவைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே பச்சை.

நான் பின்பக்கம் ஓடி, தென்னை மரத்தடியில் தொண்டைக்குள் விரல் விட்டு எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். மணலில் கசகசா கிடந்தது. மாப்பிள்ளை ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து என் முதுகைத் தடவினார்.

"பகிடிக்கு மாமா. கொஞ்சந்தான் கலந்தது. ஒண்டும் செய்யாது."

நான் வாயைக் கழுவிவிட்டு உள்ளே போய்க் கடதாசிகளைப் பார்த்தேன். எல்லாம் காய்ந்திருந்தன. பிறகு முழுக் கரண்ட்டும் கொடுத்தார்கள். பெட்டிக்குள் விளக்குகள் எரிந்து, குழாய்கள் எல்லாம் பச்சையாக ஒளிர்ந்தன. அவர்கள் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள், பால் காய்ச்சித் தந்தாள். அதற்குப் பிறகு,

"மருமகன் உரிமையோட ஒரு பகிடி விட்டிருக்காரு. இதப் போய்ப் பெரிசாக்காதீங்க" என்றாள்.

"கசகசா போட்டிருந்திச்சு" என்றேன்.

"அதுக்கு?"

எனக்கு அதைச் சரியாகச் சொல்ல வரவில்லை. கசகசா ஊறிப் பருப்பதற்கு நேரம் பிடிக்கும். சர்பத் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால், பார்வைக்கு ஒன்றும் பிசகக் கூடாது என்று யோசித்து, உள்ளே போய், எடுத்து ஊறப் போட்டிருக்கிறார். அது ஊறும் நேரம் முழுவதும் என் பக்கத்தில் இருந்து என் வாப்பாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். சட்டென்று வாயில் வருகிற பகிடி வேறு. இது வேறு.

"இந்தச் சம்பந்தம் வேணாம்" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது.

"இஞ்சாருங்க, இவ்வளவு காலமும் நீங்க ஒரு சபையிலயும் வாய் திறக்கல்ல. எங்களத் துரத்தின நேரம் திறக்கல்ல. இங்க எங்களுக்குக் காணி பிரிச்ச நேரம் திறக்கல்ல. என்ட புள்ளக்கி ஒரு வாழ்க்க வரக்குள்ள திறக்கிறீங்களா?"

அடுத்த நாள் அந்த வீடியோ மகளின் போனுக்கு வந்துவிட்டது. யாரோ அவள் சிநேகிதிக்கு அனுப்பி, சிநேகிதி இவளுக்கு அனுப்பியிருந்தாள். மகள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தி அதைப் போட்டாள். நான் குடிப்பது தெரிந்தது. ஓம் என்பது கேட்டது. தென்னை மரத்தடியில் குனிந்து நிற்பதையும் எடுத்திருந்தார்கள், எனக்கு அது தெரியாது.

"மத்த மிடறு ஏன் வாப்பா குடிச்சீங்க?"

"இனிப்பா இருந்திச்சு மகள்."

அவள் சிரித்தாள். வேண்டுமென்று சிரிக்கவில்லை, அடக்க முடியாமல் வந்தது. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேணாமெண்டு சொல்லிருவோம் மகள். நான் போய்ச் சொல்லுறேன்."

"நீங்க?" என்றாள். "நீங்க போய் நிண்டா அவங்க ஒரு கிளாஸ் தருவாங்க, குடிச்சிட்டு வருவீங்க."

அவள் போனை அணைத்து வைத்தாள்.

"எனக்கு இதுக்குப் பொறகு யாரும் வரமாட்டாங்க வாப்பா. நான் கட்டுறன். நான் உங்களப்போல இல்ல, குடிக்க முதல் மணந்து பாப்பன்."

கலியாணம் நடந்தது. நிக்காஹ்வில் பெண்ணின் பொறுப்பாளரான ‘வலி’யாக நான்தான் இருந்து மகளைக் கொடுத்தேன். அந்தச் சபையிலும் பின்வரிசையில் யாரோ போனை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். பண்ணையில் என்னோடு வேலை செய்கிறவர்களுக்கும் அந்த வீடியோ போயிருந்தது. தேத்தண்ணி தரும்போது, அண்ணன் முறை வைத்து, "நம்பிக் குடிங்க நானா" என்பார்கள்.

கிட்டத்தட்ட ஒரு வருடம் போனபின் மருமகன் போன் எடுத்தார். தண்ணீர் கலங்கிவிட்டது, குழாய்களைக் கழற்றிக் கழுவிப் புதுசு ஏற்ற வேண்டும் என்றார். போனேன். அதே பாய், அதே இரண்டு சிநேகிதர்கள். நான் அடியில் இருந்த மூடியைத் திறந்து பழைய தண்ணீரைப் பேசினுக்குள் இறக்கிக்கொண்டிருந்தேன். திரைச்சீலை விலகி மகள் புதுப் பச்சை மருந்துப் போத்தலோடு வந்தாள். மெலிந்திருந்தாள். மருமகன் என்னைப் பார்த்தார், போத்தலைப் பார்த்தார். வாயைத் திறக்கப்போனார்.

அதற்குள் மகள் சொல்லிவிட்டாள்.

"வாப்பாட கையில முழுசாக் குடுத்திராதீங்க. மெஷினுக்கு மிஞ்சாது."

முன்னறை அதிர்ந்தது. மருமகன்தான் ஆகச் சத்தமாகச் சிரித்தார். தொடையில் அடித்து, "இப்பதான் இவ எங்கட வீட்டு ஆள்" என்றார்.

மகள் என் பக்கம் திரும்பவில்லை. போதுமா என்று கேட்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இன்னொண்டு சொல்லு" என்றார் அவர்.

சொன்னாள்.