ஹமூங்கா வயல்ல முளைச்ச சாமி

எங்க ஊர் ஹமூங்காவோட வாய் இருக்கே, அதுக்குள்ள ரெண்டு மாட்டுவண்டி எதிரும் புதிருமா போகலாம். அந்த வாயாலதான் மாட்டிக்கிட்டான். நான் சொல்றதுல தப்பில்ல. அவன் யானைக் குலம், நான் ஆட்டுக் குலம். எங்க டோங்கா சனத்துல இந்த ரெண்டு குலமும் ஒருத்தரை ஒருத்தர் என்ன வேணா வையலாம். எழவு வீட்ல பொணத்தைக்கூட கிண்டல் பண்ணுவோம், யாரும் கோச்சுக்கக் கூடாது.

போன வெயில் காலத்துல சோமா டவுன்ல இருந்து ரெண்டு பேர் வந்தாங்க. ஊர்ல இருக்கிற ஊத்து, பழைய கல்லறை, தேன் மரம், சாமி இடம், மாடு போற தடம் எல்லாத்தையும் ஊர்க்காரங்களே படமா போடணும்னாங்க. பள்ளிக்கூட மைதானத்துல சாம்பலால கோடு இழுத்தோம். சோளக் கட்டைதான் வீடு, கல்லுதான் சாமி. மொத்த ஊரும் குனிஞ்சு நின்னதைப் பின்னாடி இருந்து பாத்தவனுக்கு மலைத்தொடர்னு தோணியிருக்கும்.

ஊர்த் தலைவர் சியலுபா, ஆத்துக்குப் போற பழைய மாட்டுத் தடத்தைப் போட்டுக்கிட்டே வந்து, ஹமூங்கா வயலோட நடு நெஞ்சுல சாம்பலைக் கொட்டிட்டார். சுத்தக் கரிசல் மண்ணு அது. விதையைப் போட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள பயிர் முதுகுல குத்தும். படத்துல அப்படியே நின்னா மாடெல்லாம் அவன் பயிர் மேலதான் போகும். ஹமூங்கா ஒரு கல்லைத் தூக்கி, தன் வயல்ல அத்தி மரம் இருக்கிற இடத்துல வெச்சான்.

"இங்க என் தாய்மாமன் சாமிகிட்ட மழை கேட்டிருக்காரு. மாடு மிதிக்கக் கூடாது."

சாம்பல் கோடு வளைஞ்சு வேற பக்கம் போயிருச்சு. அன்னிக்கு ஹமூங்கா வீட்டுக்கு ஆடிக்கிட்டே போனான். படத்தைப் பெரிய துணியில எழுதி பள்ளிக்கூடச் சுவத்துல மாட்டிட்டாங்க.

பாவி ஒண்ணை மறந்துட்டான். மழை கேக்குற இடத்துல இரும்பு படக் கூடாது. ஏரும் ஆகாது, மண்வெட்டியும் ஆகாது, அதுவும் கூப்பிடு தூரத்துக்கு. அவன் வயலே அந்தத் தூரத்துக்குள்ளதான் கிடக்கு. போதாததுக்கு ஊரே படையலுக்குப் பீர்ப் பானையோட அவன் வாசலுக்கு வர ஆரம்பிச்சிருச்சு. புள்ளைக்குக் காய்ச்சல்னு ஒருத்தி, பசு சினை பிடிக்கலைன்னு ஒருத்தன். அவன் பொண்டாட்டி முட்டின்டா பேசுறதையே நிறுத்திட்டா. ன்ஷீமாங்கிற சோளக் களியை மட்டும் தட்டுல சிமென்ட்டு பூசுற மாதிரி அறைஞ்சு வைப்பா.

மேகம் கட்டுற நேரத்துல என்கிட்ட வந்தான்.

"டேய் ஆடு, அங்க சாமியும் இல்ல, பூதமும் இல்ல. நான் விட்ட புளுகு. இப்ப உழலைன்னா வருசம் பூரா பட்டினிடா."

"அதைத் தலைவர்கிட்ட போய் சொல்லேன், யானை."

"சாமி பேரைச் சொல்லிப் பொய் சொன்னவன்னு சாகுறவரை காறித் துப்புவாங்க. நீ சொல்லு. உன்னை யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

அடுத்த ஊர்க் கூட்டத்துல எழுந்து அப்படியே சொன்னேன். "இந்த ஹமூங்கா பச்சைப் பொய்யன். அந்த மரத்தடியில அவன் மாமன் தூங்கித்தான் இருக்கான், மழை கேக்கல."

கூட்டம் சிரிச்ச சிரிப்புல கூரைத் தகரம் ஆடுச்சு. ஒரு அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "ஆட்டுக் குலத்தான் நல்லா வெச்சான்யா யானைக்கு"ன்னு என் முதுகைத் தட்டுச்சு. நான் சத்தியம் பண்ணேன். இன்னும் சிரிச்சாங்க. எங்க குலம் யானையைப் பத்திப் பேசினா அது கேலிதான், வேற கணக்கே கிடையாது. அவசரத்துல அவனும் யோசிக்கல, நானும் யோசிக்கல.

தலைவர் மட்டும் சிரிக்காம அவன் பக்கம் திரும்பினார். "ஏம்பா, ஆடு சொல்றது நெசமா?"

ஹமூங்கா வாயைத் திறந்தான். முன் வரிசையில அந்தக் காய்ச்சல்காரப் புள்ளையோட ஆத்தா, குணமான புள்ளையை மடியில வெச்சுக்கிட்டு அவனையே பாத்துக்கிட்டிருந்தா. வாயை மூடிக்கிட்டான். அப்புறம் மெல்ல, "ஆட்டுக்கு என்னய்யா தெரியும், கண்டதை மேயும்"னான்.

அவ்வளவுதான், மறுபடியும் தகரம் ஆடுச்சு.

மழை விழுந்ததும் உழ நிலம் கேட்டு என் வாசல்ல ஏரோட நின்னான். எங்க முறைப்படி யானை வந்து கேட்டா ஆடு இல்லைன்னு சொல்ல முடியாது. பாறை மேட்டை ஒதுக்கிக் கொடுத்தேன். எலி குழி தோண்டினாலும் பல்லு போயிரும், அப்படி ஒரு மண்ணு. நாலு அடிக்கு ஒருதரம் நின்னு கொழுவைத் தட்டிக்கிறான், அந்தப் பக்கம் தன்னோட கரிசலைப் பாக்குறான். அங்க புல்லு இடுப்பளவு நிக்குது, சாமி இடத்துப் புல்லைப் புடுங்கவும் அவனுக்கு உரிமையில்ல.

"என்ன பூசாரி, வேலை ஓடுதா?"ன்னு கேட்டேன்.

"வாயை மூடுடா"ன்னுட்டு ஏரைப் புடிச்சான்.